குறுக்குக் கம்பத்தில் தொங்கிய ஆளும் குழிக்குள் இறங்கிய ஆளும்

மறந்துபோச்சு என்று யாராவது சொன்னால் நான் சட்டென்று நம்புவதில்லை. சாவி மறந்துபோகும், குடை மறந்துபோகும். ஒரு மனுசனை ஊரும் நாடும் சேர்ந்து அறுபது வருசத்துக்கு மேல் மறந்துபோவது என்றால், அதற்குப் பல பேர் பாடுபட்டிருக்க வேண்டும். மறதிக்கும் உழைப்பு வேணும் தோழர்களே.

1930 டிசம்பர் 13. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், டான்காஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ விடுதியில், 65 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். எட்லிங்டன் என்கிற சுரங்க ஊரின் இடுகாட்டில் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. 1997 வரைக்கும் அந்தக் குழிமேட்டில் புல்தான் முளைத்துக் கிடந்தது.

அவர் பெயர் ஆர்தர் வார்ட்டன். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் கூலி வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடியவர். இன்றைக்கு ஐரோப்பாவின் மைதானங்களில் ஆடுகிற கானாக்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், செனகல்காரர்கள் எல்லாருக்கும் மூத்தவர்.

எங்க தெருப் பையன்கள் ராத்திரி ஒரு மணிக்குச் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஆட்டம் பார்க்கிறவர்கள். அதில் ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, ஆப்பிரிக்காவுல இருந்து இங்க ஆட மொதல்ல போனது யாரு?" எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனேன். பதிலோடு சேர்ந்து ஒரு வழக்கும் கிடைத்தது. அந்த வழக்கைத்தான் இங்கே வைக்கிறேன்.

வார்ட்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது என் வேலை இல்லை. வார்ட்டனைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசிப்பதுதான் என் வேலை. செய்தித்தாள், வாசகர் கடிதம், புத்தகம், கல்லறைக்கல், வெண்கலச் சிலை: இவை எல்லாமே பிரதிகள்தான். ஒரு கறுப்பு உடம்பை இந்தப் பிரதிகள் எப்படிப் பார்த்தன, எதை எடுத்துக்கொண்டன, எதைக் கீழே போட்டன என்பதுதான் கேள்வி.

1

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு தொடங்குவோம். வார்ட்டன் வறுமையில் பிறந்தவர் இல்லை. 1865இல் கோல்டு கோஸ்ட்டின் அக்ரா நகரத்தில், ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தார். இன்றைய கானா அது. அப்பா ஹென்றி வார்ட்டன், கரீபியத் தீவான கிரனடாவில் இருந்து வந்த மெதடிஸ்ட் மிஷனரி. அவர் உடம்பில் ஸ்காட்லாந்து ரத்தமும் உண்டு. அம்மா ஃபான்டே அரச குடும்பத்து உறவு. பையனைப் போதகனாகவோ ஆசிரியனாகவோ ஆக்கத்தான் 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். டார்லிங்டனில் கிளீவ்லாண்டு கல்லூரியில் படித்தார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1874இல் பிரிட்டிஷ் படை அசாந்தே ராச்சியத்தின் தலைநகரான குமாசியை எரித்தது. அதே வருசம் கோல்டு கோஸ்ட்டைத் தன் காலனி என்று அறிவித்தது. 1884-85இல் பெர்லினில் ஐரோப்பியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவை யார் யார் எப்படிப் பிடிப்பது என்று விதி வகுத்தார்கள். அந்தப் பேச்சில் உட்கார ஒரு ஆப்பிரிக்கனுக்கும் இடமில்லை. கறுப்பன் உடம்பிலும் மூளையிலும் கீழானவன் என்று 'விஞ்ஞானம்' பேசிக்கொண்டிருந்த காலம்.

அந்த விஞ்ஞானத்தின் முகத்துக்கு நேராகத்தான் 1886 ஜூலையில், லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில், தேசியத் தடகளப் போட்டியில் வார்ட்டன் 100 கெஜத்தை 10 விநாடியில் ஓடினார். அந்தத் தூரத்துக்கு முதல் உலக சாதனை என்று பலரும் இதைத்தான் குறிக்கிறார்கள். அடுத்த வருசமும் அதே பட்டத்தை வென்றார். சைக்கிள் ஓட்டினார், கிரிக்கெட் ஆடினார். டார்லிங்டன் அணிக்குக் கோல்கீப்பராக நின்றார். அங்கே பார்த்த பிரஸ்டன் நார்த் எண்ட் அணி கூட்டிக்கொண்டு போனது. 1887இல் அந்த அணி எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனபோது கம்பத்துக்கு நடுவில் நின்றவர் வார்ட்டன்.

கால்பந்துக்குக் கூலி வாங்கலாம் என்று இங்கிலாந்துச் சங்கம் ஒத்துக்கொண்டது 1885இல்தான். காசுக்கு ஆடுவது கனவானுக்கு அழகில்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வேறு வழியில்லாமல் இறங்கிவந்தார்கள். 1889இல் வார்ட்டன் ராதரம் டவுன் அணியில் சேர்ந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். போதகராகப் போக வேண்டியவர் உடம்பை விற்றுப் பிழைக்கிற கூலியாக மாறியது இந்த இடத்தில்தான்.

2

இனி செய்தித்தாள்களுக்கு வருவோம்.

வார்ட்டனை அன்றைய பத்திரிகைகள் புகழவே இல்லை என்று சொன்னால் அது பொய். புகழ்ந்தார்கள். ஆனால் பெயருக்கு முன்னால் நிறத்தை ஒட்டியே புகழ்ந்தார்கள். 'டார்க்கி' என்பது கறுப்பர்களைக் கேலியாகச் சொல்லும் சொல். 'டார்க்கி வார்ட்டன்' என்பதே அவருடைய வழக்குப் பெயராக ஆகிப்போனது. செல்லப் பெயர்தானே என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நம்மில் யாருக்காவது செல்லப் பெயரில் என்ன விஷம் இருக்கும் என்று தனியாகச் சொல்லித்தரணுமா?

1887 கடைசியில் அத்லெடிக் ஜர்னல் என்ற பத்திரிகை ஒரு படி மேலே போனது. கோப்பை ஆட்டத்தில் வார்ட்டனைக் கோல் காக்க விட்டால் பிரஸ்டன் ஜெயிப்பது கஷ்டம். கம்பங்களுக்கு நடுவே கூத்தடிக்கக் கூடாது என்பது இந்தக் கறுப்பன் மண்டையில் ஏறாதா, அவ்வளவு தடித்த மண்டையா என்கிற தோரணையில் எழுதியது. அவருடைய நிதானத்தைச் சிலர் மெச்சுகிறார்களாம், அதெல்லாம் வெத்துப் பேச்சாம்.

இந்த வரியை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். எதைக் கூத்து என்கிறார்கள்?

வார்ட்டன் ஆடிய விதம் இதுதான்: கம்பத்துக்கு ஓரமாகக் குந்தியபடி காத்திருப்பார்; கடைசி நொடியில் பாய்ந்து வந்து முஷ்டியால் பந்தைக் குத்தி வெகுதூரம் தள்ளுவார். இதைக் கோமாளித்தனம் என்று படிப்பதற்கு முன்னால் அன்றைக்கு ஆட்டத்தின் சட்டம் என்ன என்று பார்க்க வேண்டாமா? பந்து கையில் இல்லாவிட்டாலும் கோல்கீப்பரை எதிரணிக்காரன் ஓடிவந்து தோளால் இடித்துக் கீழே தள்ளலாம். மூன்று பேர் சேர்ந்து இடித்துக் கோல் பக்கம் உருட்டிவிடுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். பெனால்டி கிடையாது, அது 1891இல்தான் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் நடுவே நிமிர்ந்து நின்றால் என்ன ஆகும்? எலும்பு முறியும். ஓரமாகக் குந்துவதும், கடைசி நொடி வரை இருக்கிற இடத்தைக் காட்டாமல் இருப்பதும், பந்தைப் பிடித்து மாட்டிக்கொள்ளாமல் குத்தி விலக்குவதும் ஒரு தொழிலாளி தன் உடம்பைக் காப்பாற்றக் கண்டுபிடித்த உத்திகள். அது யோசனை. மூளை செய்த வேலை.

அதே உத்தியை ஒரு வெள்ளைக்காரன் செய்திருந்தால் 'தந்திரசாலி' என்று எழுதியிருப்பார்களோ என்னவோ. வார்ட்டன் செய்ததால் அவருடைய மண்டையின் தடிப்பை அளந்தார்கள். உடம்பைக் கொண்டாடுவது, அந்த உடம்புக்குள் அறிவு இருக்கிறது என்பதை மறுப்பது: இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடந்தது. ஆதிக்க மொழியின் சாமர்த்தியம் இதுதான்.

இன்னொரு பிரதி 1942இல் வருகிறது. வார்ட்டன் செத்துப் பத்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஷெஃபீல்டு பத்திரிகை ஒன்றுக்கு ஒரு ரசிகர் கடிதம் எழுதுகிறார். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆட்டம் பார்த்தவர். வார்ட்டன் எகிறிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைக் கவ்விப் பிடிக்க, ஓடிவந்த மூன்று முன்வரிசை ஆட்டக்காரர்கள் வலைக்குள் போய் விழுந்தார்களாம். அப்படி ஒரு தடுப்பை அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை என்கிறார்.

கடிதத்தில் பகை இல்லை, பிரியம்தான் இருக்கிறது. அவரைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் இந்தக் காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. எனக்கும் இது பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் தோழர்களே, ஒரு வாழ்க்கையில் இருந்து மிஞ்சியது கம்பத்தில் தொங்குகிற ஒரு உருவம் மட்டும்தான் என்றால், மிச்சம் எங்கே போச்சு? அந்த ஆள் என்ன பேசினார்? கூலி போதுமா என்று யாரிடமாவது கேட்டாரா? ஓட்டப் போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு என்று கொடுத்த கண்ணாடிக் கிண்ணத்தைப் போட்டு உடைத்து, துண்டுகளை வைத்து வேறு கிண்ணம் செய்துகொள்ளுங்கள் என்று நடத்தியவர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. தனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று நினைத்த ஒருவருடைய கோபம் அது. கம்பத்தில் தொங்கிய கதை நூறு இடத்தில் வருகிறது. கிண்ணம் உடைத்த கதையைச் சொல்ல ஆள் குறைவு. சிரிக்க வைத்தால் நினைப்பார்கள். கோபப்பட்டால்?

3

1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அவரை எடுத்தது. அங்கே வில்லியம் ஃபோக் என்ற பெருத்த உடம்புள்ள இளைஞர் முதல் கோல்கீப்பர். வார்ட்டனுக்கு மாற்று ஆள் இடம். முதல் டிவிஷனில் 1895 பிப்ரவரியில் சண்டர்லாண்டுக்கு எதிராக ஒரே ஒரு ஆட்டம். இங்கிலாந்தின் மேல்தட்டு லீக்கில் ஆடிய முதல் கறுப்பர் என்ற பெயர் அந்த ஒரு ஆட்டத்தால்தான். அதற்குப் பிறகு மறுபடி ராதரம், ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன் என்று சின்ன அணிகள். 1901-02இல் ஸ்டாக்போர்ட் கவுன்டியோடு ஆட்டம் முடிந்தது. இடையில் ராதரத்தில் மதுக்கடை நடத்திப் பார்த்தார். கடைசியில் எட்லிங்டன் ஊரின் யார்க்ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் கரித் தொட்டிகளை நகர்த்துகிற வேலை.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். வரட்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இப்படித்தானே முடிந்தார்கள்? மதுக்கடை, சுரங்கம், கடன், கல் இல்லாத குழி. சுரங்க ஊர்களில் செத்த எத்தனையோ தொழிலாளிகளுக்குக் கல் கிடையாது. இதில் நிறம் எங்கே வந்தது?

நியாயமான கேள்வி. வார்ட்டனின் எல்லாத் துன்பத்தையும் நிறத்தின் கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனமான விமர்சனம். குழியின் கணக்கு வர்க்கத்துடையது. ஆனால் குழிக்கு வந்த வழி இருக்கிறதே, அதில்தான் நிறமும் காலனியமும் நிற்கின்றன. ஆட்டத்தில் இருந்த காலத்திலேயே அவர் ஊருக்குத் திரும்பப் பார்த்தார். கோல்டு கோஸ்ட் அரசுப் பணிக்கு விண்ணப்பம் போட்டார். விளையாட்டுக்காரனாக வாழ்ந்த வாழ்க்கை காலனி நிர்வாகிக்குப் பொருந்தாது என்று கதவைச் சாத்தினார்கள்.

இதை நிறுத்தி வாசிக்க வேணும். அவர் பிறந்த மண். அந்த மண்ணை ஆள்வது லண்டன். அந்த மண்ணில் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதும் லண்டன். இங்கிலாந்து அவருடைய காலையும் கையையும் வாங்கிக்கொண்டது. அந்தக் காலையும் கையையும் விற்றவன் என்பதையே குற்றமாக்கி, சொந்த ஊரில் ஒரு நாற்காலி தர மறுத்தது. 1896இல் அசாந்தே அரசர் பிரெம்பேயைப் பிரிட்டிஷார் பிடித்து நாடு கடத்தியபோது வார்ட்டன் ராதரத்தில் பந்தைக் குத்திக்கொண்டிருந்தார். 1900இல் யா அசாந்தேவா என்ற பெண் தலைமையில் அசாந்தே மக்கள் எழுந்தபோது அவர் ஸ்டேலிபிரிட்ஜில். அங்கே அவருடைய நாடு பிடுங்கப்படுகிறது, இங்கே அவருக்குக் கைதட்டல் விழுகிறது. ஸ்டேலிபிரிட்ஜ் வெள்ளைக்கார ஆட்டக்காரனுக்குத் திரும்பிப் போக ஒரு தெருவாவது இருந்தது. வார்ட்டனுக்குச் சுரங்கம்தான் இருந்தது.

அந்தச் சுரங்க வருசங்களைப் பற்றித்தான் பிரதிகள் வாயைத் திறப்பதில்லை. அவர் ஓடியது பத்து விநாடி. கரிக்குழிக்குள் இறங்கியது வருசக்கணக்கில். பத்து விநாடிக்கு ஆவணம் இருக்கிறது.

4

1997இல் எட்லிங்டன் குழிக்குக் கல் வந்தது. அதைச் செய்தது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இல்லை. ஷெஃபீல்டில் மைதான இனவெறிக்கு எதிராக வேலை செய்த, கால்பந்து சேர்க்கும் இனவெறி பிரிக்கும் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட இயக்கம் முன்கை எடுத்துச் செய்தது. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அடுத்த வருசம் ஃபில் வசிலி என்ற ஆய்வாளரின் புத்தகம் வந்தது. அவரும் பந்து ஆடியவர்தான். புத்தகத்தின் தலைப்பிலேயே 'நினைவின்மை' என்ற பொருள் வரும்படி வைத்திருக்கிறார். பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் கிளறி, வார்ட்டனைக் காலனிய வரலாற்றுக்கு நடுவிலும் தொழிலாளர் வரலாற்றுக்கு நடுவிலும் நிறுத்திக் காட்டியது அந்த உழைப்பு. வசிலிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இடிக்கிறது. 2003இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2014இல் தேசிய அணி பயிற்சி எடுக்கிற செயின்ட் ஜார்ஜ் பார்க்கில் வெண்கலச் சிலை வைத்தார்கள். எகிறிக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்தைத் தள்ளிவிடுகிற உருவம். அழகான சிலை. பல வருசம் அதற்காக அலைந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இங்கிலாந்து அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத அவர், இங்கிலாந்து அணியின் வாசலில் நிற்கிறார். உயிரோடு இருந்தபோது அழைக்காதவர்கள் வெண்கலத்தை அழைத்துக்கொண்டார்கள்.

நடுகல்லுக்கு இலக்கணம் வகுத்த மொழியைப் படித்தவன் நான். கல் நடுகிறவன் எதைப் பொறிக்கிறானோ அதுதான் செத்தவனின் வாழ்க்கையாகப் பின்னால் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சிலையில் பொறித்தது பாய்ச்சலை. கரித் தொட்டியைத் தள்ளுகிற கை அதில் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் இல்லை. 1942இன் ரசிகர் பார்த்த அதே காட்சிதான், இப்போது வெண்கலத்தில்.

'முதல்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 'முதல் கறுப்புத் தொழில்முறை ஆட்டக்காரர்' என்பதுதான் வார்ட்டனுக்குக் கிடைத்த பட்டம். வார்ட்டனுக்கு முன்பே பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் 1881இல் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை ஏற்று இங்கிலாந்தை 6-1 என்று தோற்கடித்தார். 1887இல் பூட்டில் அணியில் வாட்சன் காசு வாங்கியிருக்கலாம், எனவே அவரே முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. யார் முதல் என்ற போட்டியில் எனக்கு அக்கறை இல்லை. 'முதல்' என்று சொன்னவுடன், பார் அப்போதே கதவைத் திறந்துவிட்டோம் என்று வீட்டுக்காரன் பெருமைப்பட இடம் கிடைத்துவிடுகிறது. கதவு திறந்தது என்றால், உள்ளே போனவருக்கு என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி வரணும். 'முதல்' என்ற சொல் அந்த அடுத்த கேள்வியை மறிக்கிறது.

5

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? அந்தப் பத்திரிகை வார்ட்டனின் மண்டையை அளந்தது 1887இல். சரியாக 130 வருசம் கழித்து, 2017 ஏப்ரல் 30. இத்தாலியில் காக்லியாரி மைதானம். பெஸ்காரா அணிக்கு ஆடிய சல்லி முன்டாரியும் கானாக்காரர். இன்டர் மிலனில் ஆடிப் பெரிய கோப்பைகள் பார்த்தவர். கூட்டத்தில் இருந்து நிறத்தைச் சொல்லி வசைபாடினார்கள் என்று நடுவரிடம் முறையிட்டார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். வசைபாடியவர்களுக்கு இல்லை, முறையிட்டவருக்கு. முன்டாரி மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். அதற்கு இன்னொரு மஞ்சள், ஒரு ஆட்டத் தடை. வசைபாடியது சுமார் பத்துப் பேர்தான், அதனால் காக்லியாரி கிளப்பைத் தண்டிக்க விதியில் இடமில்லை என்று ஒழுங்குக் குழு சொன்னது. உலகம் முழுக்கக் குரல் எழும்பிய பிறகு முன்டாரியின் தடையை ரத்து செய்தார்கள்.

பத்துப் பேர்தானாம். எத்தனை பேர் சேர்ந்து திட்டினால் அவமானம் தொடங்கும் என்பதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

மொழியும் பெரிதாக மாறிவிடவில்லை. 2020இல் ரன்ரிப்பீட் என்ற நிறுவனம், தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கத்தோடு சேர்ந்து, ஐரோப்பிய லீகுகளின் 80 ஆட்டங்களில் ஆங்கில வர்ணனையாளர்கள் பேசியதை எடுத்து ஆராய்ந்தது. வலிமை பற்றிப் பேசும்போது கறுத்த தோலுள்ளவர்களைக் குறிக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல். அறிவுக்கான பாராட்டில் பெரும்பங்கு வெளுத்த தோலுக்கு. 'டார்க்கி' என்று இன்றைக்கு எந்த வர்ணனையாளரும் சொல்லமாட்டார். பலம், வேகம், உடம்பு என்று புகழ்வார். புகழ்ச்சிக்குள் இருக்கிற அந்தப் பழைய அளவுகோலை மட்டும் மாற்றவில்லை.

சாதியும் நிறமும் ஒன்று என்று சொல்லி வார்ட்டனை நம் வசதிக்கு இழுத்துக்கொள்ள மாட்டேன். அவர் அவருடைய மண்ணின், அவருடைய காலத்தின் மனுசன். ஆனால் உடம்பை வாங்கிக்கொண்டு மூளையை மறுக்கிற வாக்கியத்தை நான் எந்த மொழியில் எழுதினாலும் அடையாளம் கண்டுவிடுவேன். இந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறவர்களுக்கும் அந்தக் கண் இருக்கும்.

கேள்வி கேட்ட பையனிடம் மறுநாள் போய்ச் சொன்னேன். ஓட்டம், சாதனை, கம்பம், கால் நடுவில் பந்து எல்லாம் சொன்னேன். சிரித்தான், கைதட்டினான். "அப்புறம் என்ன ஆனாருண்ணே?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தான் புகழ்க்கூடத்தில் யாரும் கேட்கவில்லை. அவனுக்குச் சுரங்கத்தில் இருந்து தொடங்கி மறுபடியும் சொன்னேன்.